மூச்சில் தங்கிய துயரம்: யோகம் சிகிச்சையான வரலாறு

பெரியம்மாவின் இளைய மகன் சாலை விபத்தில் இறந்து நாற்பது நாட்கள்கூட ஆகியிருக்கவில்லை. நள்ளிரவில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துகொள்வார். நெஞ்சை அடைக்கிறது என்பார்; தொண்டையில் ஏதோ உருண்டு நிற்கிறது என்பார். இதய மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். எல்லாச் சோதனைகளும் சரியாகவே இருந்தன. உறக்கத்துக்கு ஒரு மாத்திரையை எழுதிக்கொடுத்துவிட்டு, மூச்சுப் பயிற்சி ஏதாவது கற்றுக்கொள்ளட்டும் என்றார் மருத்துவர். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் யோக வகுப்பு நடத்திவந்தார். முதல் நாள் அவர் முன்னால் பாயில் உட்கார்ந்த பெரியம்மா கேட்ட கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. "இதெல்லாம் செஞ்சா அவன் நெனப்பு போயிடுமா சார்? போயிடும்னா எனக்கு இது வேண்டாம்."

அந்த ஆசிரியர் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன். கேள்வி என்னை வேறொரு திசையில் இழுத்துச் சென்றது. மகனை இழந்த ஒரு தாய்க்காக உருவாக்கப்பட்டதுதானா யோகம்? இல்லையென்றால், துயரத்துக்கும் பதற்றத்துக்குமான மருந்தாக அது எப்போது, யார் கைகளில் மாறியது? அந்த மாற்றத்தில் யோகம் இழந்தது என்ன, பெற்றது என்ன? இவற்றுக்கு விடை தேடிப் படித்தவற்றின் தொகுப்பே இக்கட்டுரை.

*

தமிழில் துயரத்தைக் குறிக்கும் அன்றாடச் சொற்களைக் கவனித்துப் பாருங்கள். பெருமூச்சு, மூச்சு முட்டுதல், நெஞ்சடைத்தல், தொண்டை அடைத்தல், ஏங்கி அழுதல், விம்முதல் எல்லாமே மூச்சு தடைபடும் அல்லது உடைபடும் நிலைகளைச் சொல்பவை. நம் முன்னோர் துயரத்தை மூளையில் வைக்கவில்லை, மூச்சுக்குழலில் வைத்தனர். அதற்கு அவர்கள் கண்ட பரிகாரமும் மூச்சின் வழியே வந்ததுதான். ஒப்பாரி வைக்கும் பெண்களைக் கேட்டவர்கள் இதை அறிவார்கள். ஒரு வரியை நீட்டி இழுத்து, மூச்சு தீரும்வரை பாடி, பின் சட்டென்று உள்ளிழுத்து அடுத்த வரிக்குப் போவார்கள். ஒருத்தி ஓயும்போது இன்னொருத்தி எடுத்துக்கொள்வாள். துயரத்துக்குத் தாளமும் துணையும் கிடைத்துவிடுகின்றன. ஒப்பாரியைச் சிகிச்சை என்று எவரும் சொன்னதில்லை. ஆனால் நீண்ட வெளிமூச்சு, ஒழுங்கான தாளம், உடன் அமர்ந்திருக்கும் மனிதர்கள் என்ற மூன்றும் அதில் இருந்தன. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் மீண்டும் சந்திப்போம்.

யோக மரபு துயரத்தை அணுகிய விதம் இதற்கு நேர் எதிரானது. பகவத்கீதையின் முதல் அத்தியாயத்துக்கு மரபு இட்ட பெயரே அர்ஜுன விஷாத யோகம். விஷாதம் என்றால் சோர்வுத் துயர். போர் தொடங்கும் முன்பே, இறக்கப்போகும் உறவினரைக் கண்டு அர்ஜுனனுக்கு உடல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, மயிர்க்கூச்செறிகிறது, தோல் எரிகிறது, வில் கை நழுவுகிறது. இன்றைய மனநல மருத்துவர் எவரும் இந்தப் பட்டியலை உடனே அடையாளம் கண்டுகொள்வார். ஆயினும் கண்ணனின் மறுமொழி ஆறுதலாகத் தொடங்கவில்லை. அழுவதற்கே காரணமில்லை என்று மறுப்பதாகத்தான் அது தொடங்குகிறது. அறிந்தவன் துயருறுவதில்லை என்பதே அந்நூலின் நிலைப்பாடு.

பதஞ்சலியின் யோகசூத்திரம் கி.பி. 4ஆம் நூற்றாண்டை ஒட்டித் தொகுக்கப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அதன் நோக்கமும் விடுதலைதான். பற்றிலிருந்து துயர் பிறக்கிறது, ஆகவே பற்றை அறு என்பது அதன் சாரம். மகன் என்ற பற்றை விடமாட்டேன் என்று சொல்லும் தாய்க்கு அங்கே இடம் குறைவு. பெரியம்மாவின் ஐயம் அறியாமையால் எழுந்ததல்ல. யோகத்தின் மூலநூல்கள் எந்தத் திசையில் போகின்றன என்பதை அவர் படிக்காமலேயே சரியாக உணர்ந்திருந்தார்.

தமிழ் மரபிலும் இதே இரட்டைநிலை உண்டு. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டு உறுப்புகள் கொண்ட யோகத்தையும் மூச்சை ஆளும் முறையையும் விரிவாகப் பேசுகிறது. அதே திருமூலர்தான் முதல் தந்திரத்தில், செத்தவனுக்காகக் கூடி அழும் ஊர் எவ்வளவு விரைவில் அவனை மறந்துவிடுகிறது என்று எள்ளலோடு பாடுகிறார். நிலையாமையை உணர்த்துவதே அவர் நோக்கம். அழுபவரின் கையைப் பற்றிக்கொள்வது அல்ல.

ஆனால் பதஞ்சலியில் கவனிக்கத்தக்க ஒரு சிறு பகுதி இருக்கிறது. முதல் பாதத்தில் மனம் ஒருமுகப்படுவதைக் கெடுக்கும் ஒன்பது தடைகளை அடுக்குகிறார். நோய் அவற்றில் முதலாவது. அடுத்த சூத்திரத்தில் இந்தத் தடைகளின் கூடவே வரும் நான்கு துணைகளைச் சொல்கிறார்: துக்கம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கு கெட்ட உள்மூச்சு வெளிமூச்சு. மனத்தின் துயரையும் உடலின் நடுக்கத்தையும் மூச்சின் சிதறலையும் ஒரே மூச்சில் வைத்துப் பேசிய வரி இது. தொடர்ந்து மனத்தைத் தெளிவாக்கும் வழிகளை ஒவ்வொன்றாகக் கூறுகிறார். மூச்சை வெளிவிட்டு நிறுத்துவது அவற்றில் ஒன்று. துயரற்ற ஒளியில் மனத்தை வைப்பது இன்னொன்று. தனக்கு உவப்பான எதையேனும் தியானிப்பது கடைசியானது. 'அல்லது' என்று பொருள்படும் 'வா' என்னும் சொல் இந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப வருகிறது. இறுக்கமான அந்த நூலில், மனிதருக்கு மனிதர் வழி வேறுபடலாம் என்று ஒப்புக்கொள்ளும் இடம் இது. இருபதாம் நூற்றாண்டின் யோக சிகிச்சை முழுவதும் இந்தச் சின்ன வாசல் வழியாகத்தான் நுழைந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இடையில் வந்த ஹடயோக நூல்கள் உடல்நோய்கள் பலவற்றைத் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டன. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகை, மூச்சு அசைந்தால் மனம் அசையும் என்ற கோட்பாட்டை வலியுறுத்துகிறது. காட்டு விலங்கைப் பழக்குவதுபோல மெல்ல மெல்ல மூச்சைப் பழக்க வேண்டும், தவறாகச் செய்தால் விக்கலும் இரைப்பும் வரும் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. எனினும் அந்நூல்கள் பேசியது குருவிடம் அடைக்கலம் புகுந்த ஆண் சாதகனிடம். வீட்டில் கணவனை இழந்தவளோ பிள்ளையைப் பறிகொடுத்தவளோ அவற்றின் வாசகர் அல்லர்.

*

மாற்றம் 1910களின் இறுதியில் தொடங்கியது. பம்பாய் அருகே 1918இல் யோகேந்திரர் ஒரு யோக நிலையத்தைத் தொடங்கி, இல்லறத்தாருக்கும் நோயாளிகளுக்கும் கற்பிக்கலானார். சுவாமி குவலயானந்தர் (1883–1966) ஒரு படி மேலே சென்றார். பரோடா மருத்துவமனையில் எக்ஸ்ரே கருவியின் துணையோடு யோகப் பயிற்சிகளின் விளைவுகளை ஆராயத் தொடங்கிய அவர், 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவினார். அதே ஆண்டு 'யோக மீமாம்சா' என்ற ஆய்விதழும் வெளிவந்தது. தேசிய இயக்கக் காலம் அது. நம் மரபு அறிவியலுக்கு முன் தலைநிமிர்ந்து நிற்கும் என்று காட்டுவது அவரது ஆசை. அந்த ஆசையின் பக்கவிளைவாக ஒரு பெரிய திருப்பம் நேர்ந்தது. குகையில் இருந்த யோகம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. ஆய்வுக்கூடத்தை ஒட்டி நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இடமும் வந்தது. மோட்சத்தை அளக்கக் கருவி இல்லை. குருதியழுத்தத்தை அளக்க இருந்தது. அளக்க முடிந்தது முன்னுக்கு வந்தது.

தெற்கே மைசூரில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) அரசரின் ஆதரவில் 1933 முதல் யோகசாலை நடத்திவந்தார். அங்கே இளைஞர்களுக்கு அவர் கற்பித்தது வேகமான, வியர்வை கொட்டும் ஆசனத் தொடர்கள். இன்று உலகெங்கும் உடற்பயிற்சிக் கூடங்களில் காணும் யோகத்தின் ஒரு வேர் அது. சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்த பிறகு ஆதரவு வற்றி, 1950இல் அந்த யோகசாலை மூடப்பட்டது. 1952இல் அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒரு சட்ட அறிஞருக்குச் சிகிச்சை அளிக்க அழைக்கப்பட்டே அவர் வந்தார் என்பர்.

சென்னை அவரை மாற்றியது என்றே சொல்ல வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர். கையில் அரச உதவி இல்லை. வரும் மாணவர்கள் துள்ளும் சிறுவர்கள் அல்லர், நோயும் முதுமையும் கவலையும் கொண்ட தனிமனிதர்கள். ஒவ்வொருவரையும் தனியே உட்காரவைத்து, நாடி பார்த்து, மூச்சைக் கவனித்து, அவரவர்க்கு ஏற்ற பயிற்சியைத் தந்தார். அசைவு மூச்சைப் பின்தொடர வேண்டும் என்பது விதியானது. வைணவ ஆசாரச் சீலரான அவர் துறவு ஏற்கவில்லை. மனைவி மக்களோடு வாழ்ந்த இல்லறத்தார். யோகத்தைத் துறவியின் கையிலிருந்து குடும்பத்தாரின் கைக்கு மாற்றித் தந்தவர்களில் அவரே முதன்மையானவர்.

அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் (1938–2016) பொறியியல் படித்தவர். தந்தையின் தொழிலில் அவருக்கு ஆர்வமே இருந்ததில்லை. 1960களின் தொடக்கத்தில் ஒருநாள், வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் காரிலிருந்து இறங்கி ஓடிவந்து, ஆசாரம் தவறாத தம் தந்தையைத் தெருவறியக் கட்டிக்கொண்டதைக் கண்டு திகைத்தார். பல ஆண்டுகளாக உறக்கமின்றித் தவித்த அந்தப் பெண், முந்தைய இரவு மாத்திரை இல்லாமல் உறங்கியிருந்தார். தந்தையிடம் இருப்பது என்ன என்று அறிய விரும்பிய மகன், கிடைத்த வேலையை விட்டுவிட்டு மாணவரானார். 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் அமைந்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பொறியாளரை யோகத்துக்குத் திருப்பியது சமாதியோ சித்தியோ அல்ல; ஒரு பெண் ஓரிரவு நிம்மதியாக உறங்கினாள் என்ற செய்தி. யோகத்தின் வெற்றியை அளக்கும் கோலே மாறிவிட்டிருந்தது.

*

இதே காலத்தில், யோகம் என்ற சொல்லையே பேசாத ஓரிடத்தில், துயரத்தைப் பற்றிய இன்னொரு கண்டுபிடிப்பு நிகழ்ந்திருந்தது. இந்தக் கதைக்கு அது இன்றியமையாதது.

1942 நவம்பர் 28 இரவு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோகோநட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி தீப்பற்றியது. 492 பேர் இறந்தனர். தப்பியவர்களையும் இறந்தவர்களின் உறவினரையும் சந்தித்த மனநல மருத்துவர் எரிக் லிண்டமன், துயருற்ற வேறு பலரையும் சேர்த்து 101 பேரைப் பற்றிய தம் கட்டுரையை 1944இல் வெளியிட்டார். 1917இல் ஃப்ராய்ட் துயரத்தைப் பற்றி எழுதியபோது, அது நோயல்ல, காலப்போக்கில் தீரும், அதில் தலையிடுவது வீண் என்ற கருத்தை முன்வைத்திருந்தார். அவர் பார்த்தது மனத்தின் உழைப்பை. லிண்டமன் உடலைப் பார்த்தார். இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை நீடிக்கும் அலைகளாகத் துயரம் வருகிறது. தொண்டை இறுகுகிறது, மூச்சு முட்டுகிறது, பெருமூச்சு எழுகிறது, வயிறு வெறுமையாகிறது, தசைகள் வலுவிழக்கின்றன. இறந்தவரைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் பெருமூச்சு கூடுகிறது என்பதையும் அவர் குறித்தார்.

பதஞ்சலி சொன்ன நான்கு துணைகளை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். துக்கம், சோர்வு, உடலின் நிலைகுலைவு, சிதறிய மூச்சு. ஒருவர் விடுதலையை நாடியவர். மற்றவர் தீயில் கருகிய ஊரின் மருத்துவர். ஒருவரை மற்றவர் அறிய வாய்ப்பில்லை. இருவரும் ஒன்றையே கண்டார்கள் என்பதே அந்தக் காட்சியின் உண்மைக்குச் சான்று. பெரியம்மாவின் நெஞ்சடைப்பும் தொண்டை உருண்டையும் அதே பட்டியலில் இருந்தன.

இந்த இரண்டு கரைகளுக்கும் பாலம் கட்டியது பம்பாய். கே.இ.எம். மருத்துவமனையின் மனநல மருத்துவர் என்.எஸ். வாஹியா, கைவல்யதாமத்தைச் சேர்ந்த வினேகர் முதலியோருடன் இணைந்து, பண்டைய இந்தியக் கருத்துகளை மனநோய்ச் சிகிச்சையில் பயன்படுத்துவதுபற்றி 1966இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் எழுதினார். பதஞ்சலியின் முறையைப் பின்பற்றி, ஆசனம், மூச்சு, புலன்களை உள்ளிழுத்தல், ஒருமுகப்படுத்தல், தியானம் என்ற வரிசையில் பதற்ற நோயாளிகளுக்குப் பயிற்சி தரப்பட்டது. அவர்கள் பின்னர் செய்த இன்னொரு காரியம் முக்கியமானது. யோகத்தைப் போலவே தோற்றமளிக்கும், ஆனால் யோகமல்லாத பயிற்சிகளை இன்னொரு குழுவுக்குத் தந்து ஒப்பிட்டார்கள். நம் மரபின் பெருமையை உரத்துப் பேசியவர்கள் எண்ணற்றோர். அதைச் சோதனைக்கு உட்படுத்தி, தோற்கவும் கூடும் என்ற நிலையில் நிறுத்தும் துணிவு சிலருக்கே இருந்தது. முழுமையான பயிற்சி பெற்றவர்களிடம் பதற்றம் கூடுதலாகக் குறைந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு.

*

வாஹியாவின் நோயாளிகள் நகரத்து மருத்துவமனைக்கு வந்தவர்கள். ஓர் ஊரே, ஒரு சமூகமே துயரில் விழும்போது என்ன செய்வது? அந்தக் கேள்வி தமிழர் வாழும் இரண்டு கடற்கரைகளில் எழுந்தது.

முதலாவது யாழ்ப்பாணம். போர் ஆண்டுகளில் வடக்கில் பணியாற்றிய மிகச் சில மனநல மருத்துவர்களில் ஒருவர் தயா சோமசுந்தரம். போரின் உளப் பாதிப்பைப் பற்றிய அவரது ஆங்கில நூல் 1998இல் வந்தது. 'மனவடு' என்ற சொல் ஈழத்தமிழில் பரவியதில் அவருடைய எழுத்துக்குப் பங்குண்டு. மேலை நாட்டின் பேச்சுவழிச் சிகிச்சை ஈழத்து நோயாளிகளிடம் அப்படியே செல்லுபடியாகவில்லை. நடந்ததைச் சொல் என்றால், பலர் தலைவலியையும் நெஞ்சு நோவையும் உடல் உளைவையுமே சொன்னார்கள். உடலால் பேசுகிறவர்களுக்கு உடல் வழியே பதில் சொல்ல அவர் முனைந்தார். மூச்சுப் பயிற்சி, சவாசனம் போன்ற தளர்வு நிலைகள், அவரவர் சமயத்துக்கு உரிய சொல்லைத் திரும்பத் திரும்ப உருவேற்றும் செபம் ஆகியவற்றைச் சிகிச்சையில் சேர்த்தார். எட்டுச் செலவு, அந்தியேட்டி, திவசம் என்ற சடங்குகள் துயரத்தைக் கடக்க உதவுவதையும், போரில் அவை தடைபடும்போது துயரம் தேங்கிவிடுவதையும் அவர் சுட்டினார். காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு அந்தியேட்டியும் இல்லை, முடிவும் இல்லை. ஒரு மூச்சுப் பயிற்சி அந்த முடிவைத் தந்துவிட முடியாது. அன்றைய இரவை அவர்கள் கடந்துசெல்ல அது உதவியது.

இரண்டாவது நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 காலை வந்த ஆழிப்பேரலையில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடலையே நம்பி வாழ்ந்தவர்கள் கடலின் ஓசையைக் கேட்டு நடுங்கும் நிலை வந்தது. அங்கிருந்த முகாம்களில் 183 பேரிடம் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. யோக மூச்சுப் பயிற்சி மட்டும் பெற்றவர்கள், அதோடு நடந்ததை நினைவுகூர்ந்து பேசும் சிகிச்சையும் பெற்றவர்கள், முறைக்காகக் காத்திருந்தவர்கள் என்று மூன்று பிரிவுகள். ஆறு வாரங்களில், காத்திருந்தவர்களைவிட மற்ற இரு பிரிவினரிடமும் மனவடுவின் அறிகுறிகளும் சோர்வும் வெகுவாகக் குறைந்திருந்தன. ஆனால் பிரிவுகள் குலுக்கல் முறையில் அமைக்கப்பட்டவை அல்ல. முகாம் வாரியாகப் பிரிக்கப்பட்டவை. ஆகவே இதை முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது.

அதே பேரலைக்குப் பின் அந்தமான் தீவுகளில் ஷிர்லி டெல்லஸும் உடன் பணியாற்றியோரும் 47 பேருக்கு ஒரு வாரம் யோகம் கற்பித்தனர். அச்சம், பதற்றம், சோகம், உறக்கக் கேடு ஆகியவை குறைந்ததாக அவர்களே மதிப்பிட்டார்கள். மூச்சின் வேகமும் தணிந்தது. ஒப்பிட வேறு குழு இல்லாதது அந்த ஆய்வின் குறை. 2008 ஆகஸ்டில் கோசி ஆறு கரையுடைத்துப் பீகாரை மூழ்கடித்தபோது அந்தக் குறையை அவர்கள் சரிசெய்தார்கள். 22 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் என ஒரு வாரம் யோகம் கற்பித்தனர். யோகம் செய்தவர்களிடம் சோகம் குறைந்தது; செய்யாதவர்களிடம் பதற்றம் கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனால் அந்த இரண்டாம் பாதி என்னைச் சிந்திக்க வைத்தது. எதுவும் செய்யாமல் விட்டால் பதற்றம் இருந்த இடத்தில் நிற்பதில்லை, வளர்கிறது.

இதன் பின்னுள்ள உடலியல் ஓரளவு எளிதானதே. உள்மூச்சின்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது, வெளிமூச்சின்போது தணிகிறது. வெளிமூச்சை நீட்டினால், மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் செல்லும் வேகஸ் நரம்பின் வழியே உடலுக்கு அமைதிச் செய்தி போகிறது. நம் விருப்பப்படி ஓடாத இதயத்தையும் குடலையும் நேரே கட்டளையிட்டு அடக்க முடியாது. மூச்சு ஒன்றுதான் தானாகவும் ஓடும், நாம் சொன்னாலும் கேட்கும். ஒப்பாரியின் நீண்ட இழுப்பு அறியாமல் செய்ததை மூச்சுப் பயிற்சி அறிந்து செய்கிறது.

*

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மனவடு கொண்டவர்களுக்கென்று டேவிட் எமர்சன் முதலியோர் வகுத்த யோகமுறையை 64 பெண்களிடம் சோதித்த ஆய்வு 2014இல் வெளியானது. பத்து வாரங்களுக்குப் பின் யோகக் குழுவில் பாதிப் பேர் நோய் வரையறைக்கு வெளியே வந்திருந்தனர். ஒப்பீட்டுக் குழுவில் ஐந்தில் ஒருவரே. அந்த முறையில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஆசிரியரின் அடக்கம். ஆசிரியர் மாணவரைத் தொட்டுத் திருத்துவதில்லை. செய் என்று ஆணையிடுவதில்லை, விரும்பினால் செய்து பாருங்கள் என்கிறார். கண்ணை மூடுவதும் மல்லாந்து படுப்பதும் எல்லோருக்கும் அமைதி தருவன அல்ல. சிலருக்கு அந்த இருட்டிலேயே அந்த நாள் திரும்பி வரும். வேகமான மூச்சுப் பயிற்சிகள் பதற்றத்தைத் தூண்டவும் கூடும். ஹடயோக நூலின் காட்டு விலங்கு எச்சரிக்கையை மறந்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே பயிற்சி என்று கூட்டம் சேர்ப்பவர்கள் கிருஷ்ணமாச்சாரியார் சென்னையில் கற்றுக்கொண்ட பாடத்தையும் சேர்த்தே மறக்கிறார்கள்.

இன்னொரு கேள்வியும் நம் முன் நிற்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'நீடித்த துயர்க் கோளாறு' இடம்பெற்றிருக்கிறது. ஆறு மாதங்களுக்கு மேலாகியும், அவரவர் பண்பாட்டின் வழக்கத்தை மீறி, வாழ்வை முடக்கும் துயரத்தை அது குறிக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அதே ஆண்டு பெரியவர்களுக்கு ஓராண்டு என்று வரம்பு வைத்தது. இதனால் உண்மையில் முடங்கிப்போனவர்களுக்கு உதவி கிடைக்கும் என்பது ஒரு தரப்பு. அழுவதற்குக் கெடு வைக்கிறார்கள் என்பது மறுதரப்பு. இரண்டிலும் நியாயம் உண்டு. சோறு இறங்காமல், உறக்கமில்லாமல், சாவை நினைத்துக்கொண்டே இருப்பவருக்கு மருத்துவரும் வேண்டும், மருந்தும் வேண்டியிருக்கலாம். அங்கே பாயை விரித்து மூச்சைக் கவனி என்று மட்டும் சொல்வது கைவிடுதலே ஆகும். மறுபுறம், ஓராண்டு கழிந்தும் மகனின் சட்டையை மடித்து வைத்திருக்கும் தாய் நோயாளி அல்லள்.

துறவிகளின் யோகம் துயரத்துக்குக் காரணமான பற்றை அறுக்கச் சொன்னது. இருபதாம் நூற்றாண்டில் ஆய்வுக்கூடமும் மருத்துவமனையும் முகாமும் தொட்ட யோகம் அந்தப் பெரிய இலக்கைக் கைவிட்டது உண்மைதான். அதை வீழ்ச்சி என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலகை விட்டுப் போவதற்காகச் செய்யப்பட்ட ஒரு கருவி, உலகில் தொடர்ந்து இருக்க வேண்டியவர்களின் கைக்கு வந்தது. நீண்ட வெளிமூச்சையும் தாளத்தையும் உடன் அமரும் மனிதரையும் அது மீண்டும் கொண்டுவந்து சேர்த்தது. நகரத்து அடுக்ககங்களில் ஒப்பாரி மறைந்த பின் அந்த மூன்றும் நமக்கு வேறெங்கே கிடைக்கப்போகின்றன?

பெரியம்மாவின் கேள்விக்கு அந்த ஆசிரியர் உடனே பதில் சொல்லவில்லை. சற்று நேரம் அவர் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நெனப்பு எங்கயும் போகாதும்மா. நெனைக்கறப்ப மூச்சு நிக்காம இருக்கும், அவ்வளவுதான்" என்றார். பெரியம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு வகுப்பு இல்லாத நாட்களிலும் விடியற்காலையில் எழுந்து, கூடத்தில் மகனின் படத்துக்கு எதிரே பாயை விரிக்கத் தொடங்கினார்.